வெள்ளிக்கிழமை எண்ணெய்

இன்னாசிமேரியக்காவிடம் ஆள் கேட்டுப் போகிறவர்கள் முதலில் சிரித்துவிடுவார்கள். அவர் போடும் நிபந்தனை அப்படி. செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டிகளுக்குப் பின்னால், மிளகாய் நெடி ஏறும் சந்து ஒன்றில் அவர் வீடு இருந்தது. படுக்கையில் விழுந்தவர்களைப் புரட்டிப் போட, பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் பார்க்க, கைக்குழந்தையைத் தூக்கிக்கொள்ள என்று சேலத்தில் யாருக்கு ஆள் வேண்டுமென்றாலும் அந்தச் சந்துக்குள் நுழைந்தாக வேண்டும். மோகனூர், பரமத்திப் பக்கமிருந்து பிழைப்புக்காக பஸ் ஏறி வரும் பெண்கள் முதலில் வந்து இறங்குவதும் அங்கேதான். ஆள் கேட்டு வந்தவர்களிடம் அக்கா ஒன்றே ஒன்று சொல்வார்.

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேச்சுத் தண்ணி வாத்துக்கப் புள்ளை என்ற ஊட்டுக்கு வரோணும். காலையில அனுப்புனாப் போதும், மத்தியானத்துக்குள்ள வந்துருவா. சம்மதமுன்னா கூட்டிட்டுப் போங்க."

இவ்வளவுதானா என்று தலையாட்டிவிடுவார்கள். பெண்பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய் வேண்டாம் என்று சொல்ல எந்த வீட்டுக்கு வாய் வரும்? வாய் வராது என்று தெரிந்துதான் அக்கா அதைக் கேட்டார். நாங்களும் தலையாட்டினோம். நாங்கள் என்றால் அஸ்தம்பட்டியில் என் மாமனார் சின்னப்பராஜின் வீடு. நான் அந்த வீட்டு மருமகள், ஞானமேரி. இந்தக் கதையில் எனக்குப் பெருமை சேர்க்கும் இடம் அதிகமில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அக்கா தன் கதையை என்னிடம் ஒரே தடவைதான் சொன்னார். பதினாறு வயதில் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துப் பங்களாவுக்குப் பிள்ளை தூக்கும் ஆயாவாகப் போனவர். ஒன்பது மாதம் அவரை மலையை விட்டு இறங்க விடவில்லை. ஒரு நாள் பால் காய்ச்சத் தாமதமாகிவிட்டது என்று அந்த வீட்டு அம்மாள் கொதிக்கிற கெட்டிலைத் தூக்கி எறிந்தாள். தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை வெந்துபோயிற்று. ரவிக்கையைப் போட்டுச் சேலையை இழுத்து மூடிக்கொண்டால் ஒன்றும் தெரியாது. ஏற்காட்டிலேயே ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனார், சந்தைக்குப் போனார். பார்த்தவர்கள் "நல்லாருக்கியா கண்ணு?" என்று கேட்டார்கள். "நல்லாருக்கேன்" என்றார். வேறென்ன சொல்வது? கிறிஸ்துமசுக்கு ஊருக்கு வந்தபோது எண்ணெய் தேய்த்துவிட உட்கார்ந்த சித்திதான் முதுகைப் பார்த்து அலறினாளாம்.

"பூசையில பாத்தாங்க, சந்தையில பாத்தாங்க, ஒருத்தருக்கும் தெரியலை. எண்ணெய் வெச்ச கைக்குத்தான் தெரிஞ்சுது" என்றார் அக்கா.

மண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த அவருடைய கணவர் சவரிராயன் இறந்தபிறகு, பிழைக்க வரும் பெண்களுக்கு வீடு பார்த்து அனுப்பும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். அவருடைய கொல்லையில் ஒரு துவைக்கிற கல், ஒரு தவலை வெந்நீர், இரண்டு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்க்கக் கொட்டாங்கச்சி நிறையக் கரைத்த அரப்பு. வெள்ளிக்கிழமைதோறும் ஐந்தாறு பெண்கள் வரிசையாக உட்காருவார்கள். உச்சியில் எண்ணெய் வைத்ததும் ஒருத்தி உட்கார்ந்தபடியே தூங்கிப்போவாள். அந்த வீட்டில் ராத்தூக்கம் கொடுப்பதில்லை என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும். இன்னொருத்திக்குத் தலையெல்லாம் சிக்கும் பேனுமாக இருக்கும். சீப்பைத் தொட நேரமில்லை என்று அர்த்தம். முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டால் அந்த வீட்டில் மிச்சச் சோறுதான். அடியும் சூடும் கண்ணுக்கே தெரியும். எல்லோரிடமும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"தலையில சூடு ஏறிக் கெடக்குது. எத்தனை நாளாத் தூங்கலை கண்ணு?"

அதற்குமேல் யாரும் மறைக்க மாட்டார்கள். கண்ணீரை அரப்பு எரிச்சல் என்று சொல்லிக்கொள்ள அங்கே வசதி இருந்தது. அன்று சாயங்காலமே அக்கா அந்த வீட்டு வாசலில் நிற்பார். சண்டை போட மாட்டார், சத்தமும் போட மாட்டார். "புள்ளைக்குத் தூக்கம் பத்தலைங்க" என்று சொல்லிவிட்டு, பதில் வரும்வரை அங்கேயே நிற்பார். அந்த மனுஷிக்கு நிற்பதில் சலிப்பே கிடையாது. பதில் சரியாக வராவிட்டால், "இனிமே இந்த ஊட்டுக்கு ஆள் வராதுங்க" என்பார். நோயும் பிரசவமும் இல்லாத வீடு எது? பெரிய பெரிய மனிதர்களெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு இறங்கி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அறுபதாம் வருஷம் ஆவணியில் என் மாமியார் இசபெல்லாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போயிற்று. ஐப்பசியில் அக்கா எங்களுக்கு ஆராயியை அனுப்பினார். மோகனூர்க்காரி, இருபத்தாறு வயது, கட்டியவன் இறந்து இரண்டு வருஷம். மூன்று வயது மகள் சென்னியம்மாளை அண்ணன் பெரியசாமி வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். மாதம் ஒரு தடவை ஊருக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பேச்சு. வந்த அன்றே அவளுடைய தகரப் பெட்டியை மாமா வாங்கி, "பத்திரமா இருக்கட்டும்" என்று பீரோவில் வைத்துப் பூட்டினார். ஏதோ ஓர் ஆபீசில் ரெக்கார்டு அறையைக் கட்டிக் காத்து ஓய்வு பெற்றவர் அவர். கண்ணில் படுவதையெல்லாம் பூட்டி வைக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஆராயி அத்தையை "சாமி" என்றுதான் அழைப்பாள். அவர்கள் ஊரில் பெரியவர்களும் சாமிதான், சின்னப் பிள்ளைகளும் சாமிதான். "வாயைத் தொறங்க சாமி, இன்னொரு வாய் கஞ்சி, அவ்வளவுதான் சாமி" என்று நாள் முழுக்க அவள் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். என்னை "ஏனுங்க" என்பதோடு சரி. கார்த்திகை மாதம் ஒரு காலையில் அத்தையின் கோணிய வாயிலிருந்து முதல் வார்த்தை வந்தது. "சா…மி." மாமா அப்படியே ஆடிப்போனார். சாமியாரைத்தான் கேட்கிறாள், கடைசி நேரம் வந்துவிட்டது என்று சைக்கிளில் ஆள் விரட்டினார். பங்குச் சாமியார் சாகக் கிடப்பவர்களுக்குச் செய்யும் அவஸ்தைப் பூசுதலுக்கு எண்ணெயோடு மூச்சு வாங்க ஓடி வந்தார். வீடே முழங்காலில் நின்றது. அத்தை சாமியாரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு கதவோரம் ஒதுங்கி நின்ற ஆராயியைப் பார்த்து, "சாமி… தண்ணி" என்றார். சாமியார் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஆராயிதான் அழுதாள்.

அவ்வளவு பிரியமாகப் பார்த்துக்கொண்டவளை நாங்கள் எப்படிப் பார்த்துக்கொண்டோம்? முதல் மாதம் ஊருக்கு அனுப்பினோம். இரண்டாம் மாதம் அத்தைக்குக் காய்ச்சல் என்றோம். மூன்றாம் மாதம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அத்தையைப் பார்க்க வந்தவள் பாத்திரம் தேய்த்தாள், துணி துவைத்தாள், மாவாட்டினாள். ராத்திரியில் அத்தை முனகினால் எழுந்திருப்பதும் அவள்தான். தை மாதம் அக்கா வந்து வாசலில் நின்று, ஒருநாள் விட்டு ஒருநாள் ராத்திரி வேறு ஆள் பார்க்கட்டும் என்று சொன்ன பிறகுதான் நான் முறை போட்டுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் தோமினிக் நல்லவர். நல்லவராகவே இருந்துவிட வேண்டும் என்று எதிலும் தலையிட மாட்டார்.

மாமாவுக்கு அக்கா வந்து நின்றது பொறுக்கவில்லை. அவர் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அத்தைமேல் உயிரையே வைத்திருந்தார். அந்த உயிரைக் காப்பாற்ற இன்னொருத்தியின் உயிரை எடுத்துக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது, அதுதான் கோளாறு. ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவசுகாலம் தொடங்கியதும் அவருக்கு ஒரு வழி கிடைத்தது. எங்கள் வீட்டில் தவசு நாட்களில் வெள்ளிக்கிழமை யாரும் எண்ணெய் தேய்க்க மாட்டோம். ஆண்டவர் பாடுபட்ட நாளில் சுகமாக எண்ணெய்க் குளியலா என்பது மாமாவின் அப்பா காலத்துக் கட்டுப்பாடு. முதல் வெள்ளிக்கிழமை ஆராயியைத் தேடி அக்கா வந்தபோது மாமா கேட்டிலேயே சொன்னார்.

"தவசு நாளில்ல? எங்க வீட்டுல வெள்ளிக்கிழமை எண்ணெய் கிடையாது. ஈஸ்டருக்கு அப்புறம் அனுப்பறேன்."

எந்த வீட்டு வாசலிலும் அசையாமல் நிற்கும் மனுஷி அன்று சிலுவை போட்டுக்கொண்டு, "ஆமாங்க, அதுஞ் சரிதானுங்க" என்று திரும்பிப் போய்விட்டார். அக்காவுக்குச் சர்வேசுரன் பேரில் இருந்த பயம் அப்படி. ஒரு வெள்ளி போயிற்று, இரண்டு போயிற்று, மூன்றும் போயிற்று. ஆராயியின் கூந்தல் செம்பட்டை பாய்ந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் வெள்ளிக்கு மறுநாள் மோகனூரிலிருந்து ஒரு கார்டு வந்தது. மாமா படித்தார், பிறகு என்னிடம் நீட்டினார். பெரியசாமி யாரையோ பிடித்து எழுதச் சொல்லியிருந்தார். சென்னியம்மாளுக்கு அம்மை வார்த்திருக்கிறது, அம்மா அம்மா என்று பிதற்றுகிறாள், தங்கச்சியை உடனே அனுப்பி வைக்கவும் என்று நான்கு வரி.

"இப்பச் சொன்னா ஓடிடுவா. போனா திரும்ப மாட்டா. அம்மை தானா எறங்கிடும்" என்றார் மாமா. கார்டைப் பெட்டிக்கு மேலேயே வைத்துப் பீரோவைப் பூட்டினார்.

ஆராயிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தபால்காரர் வந்துபோனது தெரிந்திருந்தது. கிணற்றடியில் என்னைக் கேட்டாள்.

"ஏனுங்க, ஊருலிருந்து கடுதாசி ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

"இல்லையே" என்றேன்.

செவ்வாய்க்கிழமை இன்னொரு தடவை கேட்டாள். அன்றைக்கும் இல்லை என்றேன். அவள் போய்விட்டால் அத்தையின் மலஜலம் என் தலையில் விழும் என்பதுதான் காரணம். வேறு பெரிய காரணமெல்லாம் கிடையாது. ஒவ்வொரு சாயங்காலமும் செபமாலை சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

நான்காம் வெள்ளிக்கிழமை காலை கேட் சத்தம் கேட்டது. அக்கா வந்திருந்தார். கையில் எண்ணெய்க் கிண்ணம், இடுப்பில் அரப்புப் பொட்டலம். முகத்தில் வெட்கமும் கோபமும் கலந்து இருந்தன.

"ஏனுங்க, நீங்க தவசுன்னீங்க, நானும் வாயை மூடிட்டுப் போயிட்டேன். நேத்துத்தான் புத்தி வந்துச்சு. தவசு உங்களுக்கு, எனக்கு. மாரியாத்தாளைக் கும்புடற புள்ளைக்கு ஏதுங்க தவசு? மூணு வெள்ளி அந்தத் தலையைக் காய விட்டது என்ற தப்பு. உங்களுக்கு அனுப்ப மனசில்லைன்னா பரவால்லை, நான் இங்கயே தேச்சு உடறேன்."

மாமா கொல்லைப்பக்கம் கையைக் காட்டினார்.

ஆராயி கல்லின்மேல் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்ததும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. நான் வெந்நீர் கொண்டுவந்து வைத்தேன். அக்கா கிண்ணத்தில் மூன்று விரலை முக்கினார். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. பிள்ளைக்கு அம்மை வார்த்திருக்கும்போது பெற்றவள் தலையில் எண்ணெய் வைப்பதா?

நான் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் கோயில் தெருவைத் தாண்டினால் மாரியம்மன் கோயில் தெரு. அம்மை விளையாடும் வீட்டில் தாளிக்க மாட்டார்கள், எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது, அம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றும்வரை பெற்றவள் தலைகூட வாரமாட்டாள். ஆத்தா கோபித்துக்கொண்டால் பிள்ளை தங்காது என்று பயப்படுவார்கள். நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாவது ஆகி, அன்று தான் எண்ணெய் தேய்த்துக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தது ஆராயிக்குத் தெரிந்தால், தன்னையே ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாள். நாங்கள் செய்த பாவத்தை அவள் தலையில் தேய்க்கப் போகிறோம். ஆறு நாளாக ஆண்டவர் படத்துக்கு முன்னால் பொய்யை விழுங்கிக்கொண்டிருந்த எனக்கு, மாரியாத்தாளிடம் அந்தத் துணிச்சல் வரவில்லை.

அக்காவின் கையை எட்டிப் பிடித்தேன்.

"வைக்காதீங்கக்கா. அவ வீட்டுல ஆத்தா வந்திருக்கா."

எண்ணெய் அக்காவின் விரலிலிருந்து கல்லில் சொட்டியது. ஆராயி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஆருக்குங்க?"

"சென்னிக்கு. சனிக்கிழமை கார்டு வந்துச்சு. நான்தான் இல்லைன்னு சொன்னேன்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவிழ்ந்த தலையோடு எழுந்து நின்றாள், கால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அங்கேயே சுற்றினாள். "என்ற பொட்டி" என்றாள். "ஒரு மாத்துச்சீலை இருக்குதுங்க, புள்ளைக்கு வாங்குன பாவாடை இருக்குதுங்க."

மாமா கொல்லைக் கதவில் நின்றார். "அம்மாவை யார் பாக்கறது? ஒரு வாரம் பொறு, நானே பஸ் ஏத்தி விடறேன். சாவி இப்பக் கையில இல்லை" என்றார். சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் கிலுகிலுத்துக்கொண்டிருந்தது. அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார், ஆனாலும் சாவியை எடுக்கவில்லை.

அப்போது உள்ளேயிருந்து அத்தை கூப்பிட்டார். ஓடினேன். கொல்லைப்பக்கத்து ஜன்னல் அவர் கட்டிலுக்கு நேரே இருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். நல்ல கையால் தலையணைக்கு அடியில் துழாவித் தன் செபமாலையை இழுத்தார். அதன் முனையில், சிலுவைக்குப் பக்கத்தில், ஒரு சாவி கட்டியிருந்தது. அந்தப் பீரோ அத்தைக்கு அவர் பிறந்த வீட்டில் கொடுத்த சீதனம். அதற்கு இரண்டு சாவி என்பதை மாமா மறந்தே போயிருந்தார்.

பெட்டியை எடுத்துக் கொடுத்தேன், கார்டையும் கொடுத்தேன். ஆராயி கட்டிலருகே வந்து நின்றாள். போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அத்தையின் கன்னத்தைத் தடவி, "சாமி, நான் போயிட்டு…" என்று தொடங்கினாள். அத்தை அந்தக் கையைத் தன் கன்னத்திலிருந்து தானே எடுத்துவிட்டார்.

"போ… சாமி" என்றார். அந்தக் கோணிய வாயால் அவ்வளவு தெளிவாக அதற்கு முன்பு அவர் எதையும் சொன்னதில்லை.

அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு போய் நாமக்கல் பஸ்ஸில் ஏறி, கூடவே மோகனூர்வரை போனார் என்று பிறகு தெரிந்தது. போகும்போது கேட்டில் நின்று மாமாவிடம் சொன்ன வார்த்தை, நாங்கள் எதிர்பார்த்ததுதான். "இனிமே இந்த ஊட்டுக்கு ஆள் வராதுங்க."

வரவில்லை. ஈஸ்டர்வரை அத்தையை நான்தான் பார்த்தேன். புரட்டிப் போட்டேன், துடைத்தேன், கஞ்சி ஊட்டினேன், ராத்திரியெல்லாம் எழுந்தேன். ஆராயி ஐந்து மாதம் முகம் சுளிக்காமல் செய்ததை மூன்று வாரம் செய்ததிலேயே எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. சென்னி பிழைத்தாளா என்று கேட்க எனக்கு ஆளில்லை. கேட்கிற தகுதியுமில்லை.

ஈஸ்டர் முடிந்த வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் கேட் சத்தம் கேட்டது. அக்காதான். மாமா எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். ஆராயி திரும்ப வருகிறாள் என்று நினைத்திருப்பார் பாவம்.

"ஏனுங்க, இந்த ஊட்டுல வேலை செய்யற புள்ளை இன்னொண்ணு இருக்குது. அதையும் வெள்ளிக்கிழமைக்கு அனுப்போணும்" என்றார் அக்கா.

"இன்னொண்ணா? யாரு?" என்றார் மாமா. நான்கூடச் சுற்றுமுற்றும் பார்த்தேன்.

"இதா நிக்குதுங்களே. கொண்டையைப் பாருங்க, எண்ணெய் கண்டு எத்தனை நாளாச்சோ. மத்தியானம்வரைக்கும் அம்மாவை நீங்க பாத்துக்கங்க."

மாமா என்னைப் பார்த்தார். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவர் என் முகத்தை நிறுத்திப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். உள்ளே போய், அத்தையின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

செவ்வாய்ப்பேட்டைச் சந்துக்குள் அக்காவின் பின்னாலேயே நுழைந்தேன். கொல்லையில் ஆராயி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிள்ளை. முகமெல்லாம் அம்மைத் தழும்பு, தண்ணீர் ஊற்றிய தலை, பெட்டியில் பூட்டிக் கிடந்த அதே பச்சைப் பாவாடை. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மன்னிச்சுக்கோ என்று சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

"உக்காரு ஞானம்" என்று அக்கா கல்லைக் காட்டினார். பிறகு, "எனக்கு இன்னைக்குக் கையி வலிக்குது. நீ தேச்சு உடு ஆராயி" என்றார். அவர் கைக்கு ஒன்றுமே இல்லை, அது எனக்குத் தெரியும்.

ஆராயி பிள்ளையை அக்காவிடம் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள். என் கொண்டையை அவிழ்த்தாள். சிக்கு எடுக்கும்போது வலிக்கவே இல்லை. ஐந்து மாதம் அத்தையின் தலையைப் பழகிய விரல்கள். உச்சியில் வெதுவெதுப்பாக எண்ணெய் விழுந்தது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அவள் விரல் ஓரிடத்தில் நின்றது.

"தலையில சூடு ஏறிக் கெடக்குதுங்க" என்றாள். "எத்தனை நாளாத் தூங்கலீங்க, சாமி?"